‘தன் மொழியில் சத்தமிட்டார்’: அம்மா விழுந்த இரவின் பதிவைத் தேடி ஐந்து மாதம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை 7.40. நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். அம்மா இருந்த கெயர் ஹோமிலிருந்து (முதியோர் பராமரிப்பு இல்லம்) ரெலிபோன். ஆறரை மணிபோல அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்ததாகவும், இடுப்பில் சின்னக் கண்டல் மட்டும்தான் என்றும், தேத்தண்ணி குடித்துவிட்டுச் சுகமாக இருக்கிறா என்றும் ஒரு பெண் சொன்னா. நான் ‘தாங்க் யூ சோ மச்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். யார் கதைத்தது என்று கேட்கவில்லை. யார் முதலில் கண்டது, எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தது, டொக்டருக்கு அறிவித்ததா என்று ஒன்றும் கேட்கவில்லை. பஸ் கூட்டமாக இருந்தது, வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் காரணம்.

அம்மாவுக்கு அப்போது 83 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருசத்துக்கு மேல் லண்டனில் என்னோடு இருந்தவ. டிமென்ஷியா (மறதி நோய்) கூடி, இரவில் அடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கியபிறகுதான் 2023இல் ஹோமில் விட்டோம். அம்மாவின் பிளட்டை (அடுக்குமாடி வீட்டை) விற்ற காசு இருந்ததால் கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) உதவி இல்லை. இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சொத்திருந்தால் முழுக்கட்டணமும் நாங்கள்தான் கட்டவேண்டும். கிழமைக்கு 1,350 பவுண். அம்மாவை அங்கே விட்டது பற்றி எங்கள் ஆட்கள் கதைத்த கதைகளை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். அந்த வெட்கம்தான் நான் தொடக்கத்தில் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விட்டுவிட்டு வந்தவளுக்குக் கேள்வி கேட்க என்ன உரிமை என்று எனக்குள்ளேயே ஒரு குரல் இருந்தது.

அடுத்தநாள் புதன் பின்னேரம் வேலை முடிந்து போனேன். அம்மா கட்டிலில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தா. கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. கிட்டப் போனதும், "இருட்டில விழுந்தனான் பிள்ளை. தண்ணி குடிக்க எழும்பினனான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தனான், ஒருத்தரும் வரேல்லை" என்றா. அம்மா ஆங்கிலம் ஓரளவு கதைத்தவதான். டிமென்ஷியா வந்தபிறகு அது போய்விட்டது. பிந்திப் படித்த மொழி முதலில் போவது இந்த வருத்தத்தில் பலருக்கும் நடக்கிறதென்று பிறகு அறிந்தேன். கெயரரைக் கூப்பிட்டு அம்மாவுக்குச் சரியான நோ, அம்புலன்ஸ் கூப்பிடுங்கள் என்றேன். நேர்ஸ் வந்து, பரசிட்டமோல் கொடுத்திருக்கிறது, நாளைக்கு டொக்டர் வருவார், அப்போது பார்க்கலாம் என்றா. நானே 999க்கு அடித்தேன். இரவு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடையெலும்பின் கழுத்துப்பகுதி முறிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஒப்பரேசன்.

விழுந்த நேரத்திலிருந்து அம்புலன்ஸ் வரும்வரை எத்தனை மணித்தியாலம் அம்மா அந்த நோவோடு கிடந்தா என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க ஐந்து மாதத்துக்கு மேல் பிடித்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹோமிலிருந்து இப்படி அழைப்பு வந்தால் கையில் எது இருக்கிறதோ அதில் எழுதுங்கள்: அழைப்பு வந்த நேரம், கதைத்தவர் பெயர், பதவி, யார் கண்டது, எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு, தலை அடிபட்டதா, டொக்டருக்கோ 111க்கோ (மருத்துவ ஆலோசனை ரெலிபோன் இலக்கம்) சொன்னார்களா, சம்பவப் படிவம் நிரப்பியாகிவிட்டதா. ஐந்து நிமிட வேலை. பிறகு அன்றைக்கே அதை ஈமெயிலாக மனேஜருக்கு அனுப்புங்கள்: ‘இன்று காலை நீங்கள் சொன்னது இது, நான் சரியாக விளங்கிக்கொண்டேனா?’ கோபப்படத் தேவையில்லை. அந்த ஈமெயில் இருந்தால் பிறகு கதை மாறும்போது பிடித்து நிற்க ஒரு கொம்பாவது இருக்கும். என்னிடம் இருந்தது பஸ்ஸில் சொன்ன ஒரு தாங்க் யூ மட்டும்.

ஒப்பரேசன் முடிந்த அடுத்த கிழமை மனேஜரிடம் நேரில் போனேன். நல்ல மனிசிதான். கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டா. சம்பவ அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டதும் கையை எடுத்துவிட்டா. அது உள்ளக ஆவணமாம், வெளியில் கொடுப்பதில்லையாம். ஒரு கிழமை கழித்து ஈமெயிலில் கேட்டேன். டேற்றா புரொட்டெக்‌ஷன் (தரவுப் பாதுகாப்பு) காரணமாகத் தர இயலாது என்று பதில் வந்தது. அம்மாவின் பவர் ஒஃப் அட்டோர்னி (அவ சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) என்னிடம் இருக்கிறது என்று எழுதினேன். அதற்கு வந்த பதில் என்னை இரண்டு மாதம் முடக்கிப் போட்டது: உங்களிடம் இருப்பது பணமும் சொத்தும் சார்ந்தது, உடல்நலம் சார்ந்ததல்ல, ஆகவே அம்மாவின் பராமரிப்புப் பதிவுகளைக் கேட்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னியில் இரண்டு வகை. ஒன்று சொத்தும் பணமும், மற்றது உடல்நலமும் நலன்புரியும். 2021இல் பிளட் விற்கிற யோசனை வந்தபோது முதலாவதை மட்டும் செய்து பதிந்தோம். ஒன்றைப் பதிய 82 பவுண். (2025 நவம்பரிலிருந்து 92.) இரண்டாவது இப்போது எதற்கு, 82 பவுண் மிச்சம் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது விளக்கம் இருந்தது, கையெழுத்து வைத்திருப்பா. 2024இல் அது முடியாத காரியம். சுயமாக முடிவெடுக்கும் ஆற்றல் போனபிறகு இந்தப் பத்திரம் செய்ய முடியாது. கோர்ட் ஒஃப் புரொட்டெக்‌ஷனுக்குப் போய் டெபுட்டியாக, அதாவது அவர் சார்பில் முடிவெடுப்பவராக, நியமனம் கேட்கவேண்டும். அதற்கு மாதக்கணக்கும் கூடிய செலவும். பெற்றோருக்கு இப்போது நினைவு தெளிவாக இருந்தால், இதை வாசித்து முடித்தவுடன் இரண்டையும் செய்யுங்கள். மருத்துவத் தீர்மானங்களில் உங்கள் சொல்லுக்குச் சட்ட பலம் அந்த இரண்டாவது பத்திரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் பதிவுகளைக் கேட்கும் விசயத்தில் மனேஜர் சொன்னது பிழை. அது எனக்கு 2025 பெப்ரவரியில்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு சொலிசிட்டரிடம் போய் 540 பவுண் கொடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்து, ஒரு கடிதமும் போட்டாயிற்று. ஹோம் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. பெப்ரவரியில் ஒரு முதியோர் உதவிக் கட்டணமில்லா இலக்கத்துக்கு அடித்து, அழுதுகொண்டே கதையைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த வயதான ஆங்கிலேயப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, தகவல் ஆணையாளர் அலுவலகத்தின் வழிகாட்டலை வாசித்தீர்களா என்று கேட்டா. ஐ.சி.ஓ என்று சொல்வது அதைத்தான். சுயமாகக் கேட்க முடியாத ஒருவருக்காக, அவருடைய சொத்தையும் அலுவல்களையும் பார்க்க அதிகாரம் பெற்ற அட்டோர்னி தரவுகளைக் கேட்டால் அவருக்கு அதற்குரிய அதிகாரம் இருப்பதாக எடுத்துக்கொள்வது நியாயம் என்று அந்த அலுவலகமே எழுதி வைத்திருக்கிறது. கோர்ட் நியமித்த டெபுட்டிக்கும் அப்படித்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு இரவும் அந்த 82 பவுணை நினைத்து என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். ஒருவேளை மனேஜருக்கும் உண்மையில் தெரியாமல் இருந்திருக்கலாம். டேற்றா புரொட்டெக்‌ஷன் என்ற சொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பாவிக்கப் பழகிவிட்டார்கள். அது ஒருவர் தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கிற உரிமைக்காகவும் இருக்கிற சட்டம்.

அந்த உரிமைக்குப் பெயர் சப்ஜெக்ட் அக்செஸ் ரிக்குவெஸ்ட். வாயால் கேட்டாலும் செல்லும், ஆனால் எழுத்தில் கேளுங்கள். பொதுவாகக் கட்டணம் இல்லை. கோரிக்கை கிடைத்து ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம், ஆனால் நீட்டுவதையும் காரணத்தையும் அந்த முதல் மாதத்துக்குள் சொல்லவேண்டும். அடையாளம் காட்டச் சொல்லி நாளை இழுப்பார்கள் என்பதால் அம்மாவின் பாஸ்போர்ட் பிரதி, என் பாஸ்போர்ட் பிரதி, பவர் ஒஃப் அட்டோர்னியின் பிரதி மூன்றையும் முதல் கடிதத்தோடேயே வைத்தேன். சொலிசிட்டர் இல்லாமல் நானே எழுதிய கடிதம், ஒன்றரைப் பக்கம்.

அந்தக் கடிதத்தில் நான் செய்த ஒரு நல்ல காரியம், ‘எல்லாப் பதிவும்’ என்று மட்டும் எழுதாமல் பெயர் சொல்லிக் கேட்டது. உதவி இலக்கத்துப் பெண்தான் சொல்லித்தந்தா. அன்றாடக் குறிப்புகள், இரவுச் சோதனைக் குறிப்புகள், சம்பவ அறிக்கையும் அதன் பின்னான விசாரணைக் குறிப்புகளும், உடல்படத்தில் காயம் குறித்த தாள் (பொடி மாப் என்பார்கள்), விழும் அபாய மதிப்பீடு, பராமரிப்புத் திட்டமும் அதன் பழைய வடிவங்களும், மார் சாட் எனப்படும் மருந்துப் பதிவு, அழைப்பு மணியும் சென்சர் மாட்டும் (ஆள் எழும்பினால் மணி அடிக்கும் விரிப்பு) எத்தனை மணிக்கு அடித்தன என்ற பதிவு, அம்மாவைப் பற்றி ஹோம் டொக்டருக்கும் கவுன்சிலுக்கும் அனுப்பிய ஈமெயில்கள், வேலைமுறை மாறும்போது எழுதும் கையளிப்புக் குறிப்பில் அம்மாவைப் பற்றிய பகுதி. கூடவே ஒரு வரி: பதிவு கணினியில் இருந்தால் ஒவ்வொரு குறிப்பும் எந்த நேரத்துக்குரியது என்பதோடு, எந்த நேரத்தில் உள்ளிடப்பட்டது என்பதையும் சேர்த்துத் தரவும். அந்த ஒரு வரிதான் கடைசியில் எல்லாவற்றையும் திறந்தது. சீசீடிவி இருந்தால் அதை முதல் கிழமையிலேயே கேளுங்கள். நான் கேட்டபோது, ஒரு மாதத்தில் மேலே மேலே பதிந்து அழிந்துவிட்டது என்றார்கள்.

2025 பெப்ரவரி 17 கடிதம் கொடுத்தேன். மார்ச் 14 ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒன்பது பக்கம். மூன்றில் கறுப்பு மை பூசியிருந்தது. மற்ற முதியவர்களின் பெயரை மறைப்பது சரி, அதற்குச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அம்மாவைப் பற்றிய குறிப்பின் முழுப் பந்தியையும் மறைத்திருந்தார்கள். இரவுச் சோதனைத் தாள் இல்லை, மணிப் பதிவு இல்லை. நான் கேட்ட பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி, கிடைக்காததற்குக் காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். ஐ.சி.ஓவுக்கு முறைப்பாடு போடப்போவதாகவும் எழுதினேன். இன்னொரு வரியும் சேர்த்தேன்: கோரப்பட்ட தரவைக் கொடுக்காமல் தடுக்கும் நோக்கத்தோடு மாற்றுவதோ அழிப்பதோ 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் குற்றம். மிரட்டலாக எழுதவில்லை. எழுதும்போது என் கைதான் நடுங்கியது.

தம்பி ரொறன்ரோவில். அவனுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அக்கா, சண்டை பிடிக்காதேங்கோ. பிறகு அவங்கள் அம்மாவில காட்டுவாங்கள்" என்றான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. டிசம்பர் நடுப்பகுதியில் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அதே ஹோமுக்குத்தான் திரும்பியிருந்தா. வேறு இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் போகும்போது அம்மாவின் கையையும் முதுகையும் களவாகப் பார்த்துவிட்டு வருவேன். முதல் கடிதம் போனபிறகு, இனி நீங்கள் நேரம் குறித்துவிட்டு வந்தால் நல்லது என்று வரவேற்பில் சொன்னார்கள். 2024 ஏப்ரல் 6இலிருந்து இங்கிலாந்தில் ஒரு விதி இருக்கிறது: விசேட காரணம் இல்லாமல் ஹோமில் இருப்பவரைப் பார்க்க வருவதைத் தடுக்கவோ குறைக்கவோ முடியாது. 9ஏ என்று இலக்கம். அதை ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்திருந்தேன். காட்டத் தேவை வரவில்லை, மனேஜரிடம் பெயரைச் சொன்னதே போதுமாக இருந்தது. என் அனுபவத்தில், தம்பி பயந்தது நடக்கவில்லை. கடிதம் போனபிறகு அம்மாவின் அறைக்கு ஆட்கள் கூடுதலாக வந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்லமாட்டேன்.

காத்திருந்த இடைவெளியில் வேறு இரண்டு கதவைத் தட்டினேன். இது பலருக்குத் தோன்றுவதில்லை: ஹோம் மட்டும் பதிவு வைத்திருப்பதில்லை. அம்புலன்ஸ் ஆட்கள் வந்தவுடன் ஒரு படிவம் நிரப்புகிறார்கள், அது அம்புலன்ஸ் சேவையிடம். அவசரப்பிரிவில் எழுதியது ஆஸ்பத்திரியிடம். இரண்டு இடத்திலும் அதே மாதிரிக் கோரிக்கை போட்டேன். மார்ச் கடைசியில் அம்புலன்ஸ் படிவம் ஈமெயிலில் வந்தது. வேலையிடத்துக் கன்ரீனில் இருந்து போனில் திறந்தேன். ‘பணியாளர் கூற்றுப்படி, நேற்று அதிகாலை ஏறத்தாழ 2 மணிக்கு விழுந்தார்.’ ஹோமின் ஒன்பது பக்கத்திலும் நேரம் 6.30. அந்த இரவு அம்புலன்ஸ் ஆளிடம் யாரோ ஒரு கெயரர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கண்டால் காலில் விழுவேன்.

அன்றைக்கே கவுன்சிலின் முதியோர் சமூக சேவைக்கு அடித்து சேஃப்கார்டிங் (துன்புறுத்தல், புறக்கணிப்பிலிருந்து பாதுகாத்தல்) முறைப்பாடு பதிந்தேன். இதை நவம்பரிலேயே செய்திருக்கவேண்டும். ஆதாரம் கையில் வந்தபிறகுதான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது பிழை. 2014 கெயர் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் என்றும், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்றும் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலே விசாரிப்பது கவுன்சிலின் கடமை. நீங்கள் சொந்தக் காசில் ஹோமுக்குக் கட்டுகிறவராக இருந்தாலும் அப்படித்தான். நிரூபிக்கிற வேலை உங்களுடையதில்லை.

ஏப்ரல் கடைசியில், ஐ.சி.ஓவுக்கு முறைப்பாடு போட்டு இரண்டு கிழமையில், 212 பக்கம் வந்தது. சாப்பாட்டு மேசையில் பரப்பி, இரண்டு இரவு இருந்து வாசித்தேன். இரவுச் சோதனைத் தாளில் 1 மணி: உறக்கம். 2 மணி: உறக்கம். 3, 4, 5, 6: உறக்கம். எவ்வளவு ஒழுங்கு! அடுத்த நிரலில் உள்ளிட்ட நேரம். ஆறு வரியும் காலை 6.52இலிருந்து 6.54க்குள் போடப்பட்டவை. இரண்டு நிமிடத்தில் ஒரு முழு இரவு. சென்சர் மாட் பதிவில் 1.58க்கு மணி அடித்திருக்கிறது, 2.09க்கு நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு அன்றாடக் குறிப்பில், வேறு யாரோ, அனேகமாக ஏஜென்சியிலிருந்து அந்த இரவு மட்டும் வந்த ஒருவர், அந்த நேரத்திலேயே உள்ளிட்ட ஒரு வரி: ‘02.10. தன் மொழியில் சத்தமிட்டார். மீண்டும் கட்டிலில் படுக்கவைக்கப்பட்டார். அமைதியானார்.’

தன் மொழியில் சத்தமிட்டார். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அம்மா சத்தமிடவில்லை. "விழுந்திட்டன், தண்ணி தாங்கோ, இடுப்பு நோகுது" என்று, நாற்பது வருசம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே தெளிவான தமிழில் சொல்லியிருப்பா. புதன்கிழமை எனக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொல்லியிருப்பா. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ‘தன் மொழியில் சத்தமிட்டார்’ என்பது பதினான்கு மாதத்தில் 31 இடத்தில் இருந்தது. அந்த 31 தரமும் அம்மா என்ன கேட்டா? முறிந்த எலும்போடு தூக்கிக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து அம்புலன்ஸ் வரும்வரை 41 மணித்தியாலம். என் முதல் கேள்விக்கு விடை.

சம்பவத்தை அறிவிக்கும் கடமை பற்றியும் எழுதவேண்டும், ஏனென்றால் நான் அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். இங்கிலாந்தின் ஹோம்களைக் கண்காணிப்பது கெயர் குவாலிட்டி கமிஷன், சி.கியூ.சி. பாரதூரமான காயம் ஏற்பட்டால் ஹோம் தாமதமின்றி சி.கியூ.சிக்கு அறிவிக்கவேண்டும் என்று 2009 பதிவு விதிகளின் 18ஆம் விதி சொல்கிறது. அம்மாவுக்கு நடந்த தொடையெலும்பு முறிவு அதற்குள் வரும். இறப்பு என்றால் 16ஆம் விதி. அதோடு டியூட்டி ஒஃப் கண்டர் என்று 2014 விதிகளின் 20ஆவது இருக்கிறது: இப்படி ஒன்று நடந்தால் குடும்பத்துக்கு நேரில் சொல்லி, நடந்தது என்னவென்று தெரிந்த அளவில் விளக்கி, மன்னிப்புக் கேட்டு, பிறகு அதை எழுத்திலும் தரவேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து ஹோம்களுக்கும் இது பொருந்தும். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. 212 பக்கத்துக்குள் சி.கியூ.சி அறிவித்தல் படிவமும் இருந்தது. திகதி ஜனவரி 15. விழுந்தது நவம்பர் 12. ஜனவரி 14 நான் மூன்றாவது ஈமெயில் போட்ட நாள்.

ஆகவே முதல் கிழமையிலேயே மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள்: சி.கியூ.சிக்கு அறிவித்தீர்களா, எந்தத் திகதி? கவுன்சிலின் சேஃப்கார்டிங் பிரிவுக்கு அறிவித்தீர்களா? டியூட்டி ஒஃப் கண்டர் கடிதம் எப்போது வரும்? கேட்கிற விதத்திலேயே உங்களுக்கு விசயம் தெரியும் என்று விளங்கிவிடும். சி.கியூ.சிக்கு நீங்களும் நேரே எழுதலாம். ஆனால் அவர்கள் தனிப்பட்ட முறைப்பாட்டைத் தீர்த்துவைக்கமாட்டார்கள். சோதனைக்குப் போகும்போது அந்தத் தகவல் பயன்படும். தனிப்பட்ட தீர்வு வேண்டுமென்றால் முதலில் ஹோமிடமே எழுத்தில் முறைப்பாடு, பிறகு லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கெயர் ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி). பெயரைப் பார்த்துக் கவுன்சில் காசில் இருப்பவர்களுக்குத்தான் என்று நினைக்கவேண்டாம். சொந்தக் காசில் இருப்பவர்களும் 2010இலிருந்து போகலாம். விசயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும் என்பது பொதுவான வரையறை, ஹோமோடு கடிதம் எழுதியே அந்த வருசத்தைத் தின்றுவிடாதீர்கள்.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு நடந்தது. தகப்பன் ஹோமில் இறந்து, காரியங்கள் எல்லாம் முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு பதிவு கேட்டார். தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவருக்குத்தான். பவர் ஒஃப் அட்டோர்னியும் இறப்போடு முடிந்துவிடும். அதன்பிறகு 1990ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவு அணுகல் சட்டத்துக்குப் போகவேண்டும். இறந்தவரின் சட்டப் பிரதிநிதியோ, அந்த இறப்பால் நட்டஈடு கோரக்கூடியவரோதான் கேட்கலாம், அதுவும் மருத்துவப் பதிவுகளை. ஹோமின் அன்றாடக் குறிப்பு அதற்குள் வருமா வராதா என்ற வழக்கிலேயே அவர் களைத்துப்போனார். சந்தேகம் இருந்தால் ஆள் இருக்கும்போதே கேளுங்கள். சொல்லக் கொடுமையாகத்தான் இருக்கிறது.

கவுன்சில் விசாரணை ஜூலையில் முடிந்தது. இரவுச் சோதனை நடக்கவில்லை, விழுந்தபிறகு பரிசோதிக்காமல் தூக்கியிருக்கிறார்கள், வைத்திய உதவி பிந்தியது, புறக்கணிப்பு நடந்தது உறுதி என்று எழுதினார்கள். ஹோமின் மன்னிப்புக் கடிதம் ஓகஸ்டில் வந்தது, மூன்று பந்தி. காசுக் கணக்குச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து கிழமைக்கும் வெறும் கட்டிலுக்கு முழுக்கட்டணம் எடுத்தார்கள், 6,750 பவுண். ஒப்பந்தத்தில் அப்படி இருந்தது, நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருந்தேன். கேட்டுக் கேட்டு அதில் பாதி, 3,375 திரும்பி வந்தது. சொலிசிட்டருக்குப் போன 540 போனதுதான். சம்பளமில்லாத லீவு 19 நாள். அம்மா இப்போது நடப்பதில்லை.

ஜூனில் வேறு ஹோமுக்கு மாற்றினோம். சி.கியூ.சி இணையத்தளத்தில் ‘குட்’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்தத் தரம் எந்த வருசத்துச் சோதனையில் கொடுத்தது என்று இந்தமுறை பார்த்தேன். பழைய ஹோமும் ‘குட்’தான், சோதனை நடந்தது பல வருசத்துக்கு முன். புதிய இடத்தில் சேர்க்கும் அன்றே மூன்று விசயம் கேட்டேன். விழுந்தால் எத்தனை மணியானாலும் எனக்கு அடிக்கவேண்டும். கணினிக் குறிப்புகளைக் குடும்பம் பார்க்க வசதி இருந்தால் அதைத் திறந்துவிடவேண்டும். (இருந்தது. பல ஹோம்களில் இருக்கிறது, கேட்டால்தான் சொல்கிறார்கள்.) மூன்றாவது, ‘தன் மொழியில்’ என்று எழுதக்கூடாது, கேட்ட ஒலியை அப்படியே எழுதவேண்டும். மனேஜர் சிரித்துவிட்டு, எப்படி என்றா. நான் ஒரு தாளில் பதினெட்டுச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் போட்டு, லமினேட் பண்ணிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். நோகுது. தண்ணி. குளிருது. விழுந்திட்டன். ஒண்டுக்கு வருது. பயமா இருக்கு. பராமரிப்புத் திட்டத்திலும் அதைச் சேர்க்க வைத்தேன், ஏனென்றால் சுவரில் இருப்பதைக் கழற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குறிப்புகளை வாசிப்பேன். போன கிழமை ஒன்று, பிலிப்பீன்ஸ் கெயரர் ஒருவர் எழுதியது: ‘21.40. நொகுடு, நொகுடு என்றார். தாளைப் பார்த்தேன். இடது இடுப்புப் பார்க்கப்பட்டது, சிவப்பு இல்லை. தலையணை மாற்றி வைத்தேன். பரசிட்டமோல் கொடுக்கப்பட்டது. 22.15க்குத் திரும்பப் போய்க் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.’